மறுபக்கத்துப் பாட்டு

கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வாங்க வந்தவர்களையெல்லாம் விரட்டியடித்த ஒரே வியாபாரி கொடைக்கானல் மலையிலேயே எங்கள் கேசட்டுக்காரர்தான்.

காலி கேசட் கேட்டால் உடனே தர மாட்டார்.

“என்னத்தப் பதியப் போறீக?”

“கல்யாணத்துக்குப் பாட்டுண்ணே.”

“பாட்டுக்குத்தான் நான் இருக்கேன்ல” என்று பாட ஆரம்பிப்பார். மதுரைக்காரர் ஒருவர் மூடுபனியென்றும் பாராமல் ஓடினார்.

நான் மட்டும் ஓடவில்லை. எனக்குக் கேசட் வேண்டுமே. நாங்கள் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்த மலையிலுள்ள பள்ளங்கிக்கு வந்துவிட்டோம். அக்கா அங்கேயே தங்கிவிட்டாள். இருவருக்கும் எழுத வராது. ஒரே கேசட்தான் தபாலில் போய் வரும். அவள் திட்டியதை அழித்து அதன்மேல் நான் திட்டி அனுப்புவேன்.

போன வருஷம் இரண்டு பக்கமும் பேசி அனுப்பியிருந்தாள். குரல் மெலிந்து கிடந்தது. “இனிப் பேசுவேனோ என்னமோ, தங்கச்சி” என்றாள். அதை எப்படி அழிப்பது?

“போன்ல பேசு அப்பாயி” என்றாள் பேத்தி. அக்காவுக்குக் காது மந்தம். டேப் பெட்டியில் காதை ஒட்டி, திரும்பத் திரும்பப் போட்டால்தான் விளங்கும்.

பஜார் முழுக்கத் தேடினேன். கேசட் விற்ற கடைகளிலெல்லாம் போன் உறை தொங்கியது. கடைசியில் அவரிடமே போனேன்.

“வரத்தே நின்னு போச்சு தங்கச்சி. ஆமா, என்ன பதியணும்?”

“அக்கா பேசினத அழிக்க மனசு வரலண்ணே. அவளுக்குப் பதில் பேசணும்.”

முதன்முறையாக அவர் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. தன் டேப் பெட்டியிலிருந்து ஒரு கேசட்டை உருவினார். இரண்டு பக்கமும் அவர் பாட்டு. யாரும் அழித்துவிடக் கூடாதென்று மூலையில் பிளாஸ்டிக்கை உடைத்து வைத்திருந்தார். அந்த ஓட்டைகளில் காகிதம் ஒட்டினார்.

“இப்ப பதியும். அழிச்சுக்க.”

“உங்க பாட்டுண்ணே…”

“நாந்தான் உசுரோட இருக்கேன்ல. மறுபடி பாடிக்கிறேன்.”

“அதாண்ணே பயமா இருக்கு.”

ஒரு பக்கம் பேசி அனுப்பினேன். வாரங்கள் கழித்து அதே கேசட் திரும்பி வந்தது. அக்காவின் குரல் தெளிந்திருந்தது.

“மறுபக்கம் கத்துறது யாருடி? கன்னு போட்ட பசு மாதிரி.”

கடையில் காத்திருந்த கேசட்டுக்காரர், “அக்கா என்ன சொல்லுது?” என்றார்.

“நல்ல குரலாம்ணே.”

என் பேச்சை அழித்துத்தான் அக்கா பதில் பேசியிருந்தாள். அந்தப் பாட்டை மட்டும் தொடவில்லை. நானும் இன்றுவரை தொட்டதில்லை.