சாமி படத்தடியில் ஒரு மூடி

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். காளவாசலில் பாதிக் கடைகளுக்கு வயரிங் செய்தது இந்தக் கைதான். ஆனையூரில் சொந்த வீடு கட்டினேன். பத்திரம் எழுதியவர் "கைநாட்டா?" என்று கேட்ட கடுப்பில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன் (ஒரு இடத்தில்தான் போடச் சொன்னார்). இம்புட்டும் செய்தவன், ஒரு சுண்டுவிரல் மூடியால் மானம் கெட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு நூல் மில். கண்ணாடி அறைக்குள் பீரோ உயரத்துக்கு மெயின்பிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டர்; வெளியே மேஜைகளில் பதினொரு சின்னக் கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றையும் ஒரே கறுப்புக் கேபிளில் கோத்துவிட்டால், பெரியதில் இருப்பதைச் சின்னதில் பார்க்கலாம். கேபிள் இழுப்பது என் வேலை. ஒழுங்காக முடித்தால் இரண்டாவது மில்லும் எனக்கே என்றிருந்தார் முதலாளி.

இன்ஜினியர் ஸ்டெல்லா மேடம் இரண்டு வெள்ளி நிற மூடிகளைக் கொடுத்தார். "அண்ணே, கேபிளோட ரெண்டு முனையிலயும் இது இருக்கணும். மறந்துறாதீங்க."

"நான் பாக்காத வயரா மேடம்?" என்றேன் (தூசி அடையாமல் இருக்கத்தான் மூடி என்று நானே முடிவு செய்துகொண்டேன்).

மாட்டினேன். சோதித்தோம். பதினொன்றும் ஓடின.

மறுநாள் ஆயுதபூஜை. கையில் இருக்கும் வேலையிலிருந்து ஒரு பொருளைச் சாமி படத்தடியில் வைப்பது என் வழக்கம். கம்ப்யூட்டரைத் தூக்கிவர முடியுமா? கடைசி மேஜையில் கேபிள் முனையிலிருந்த மூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு நாளில் எம்புட்டுத் தூசி போய்விடப் போகிறது?

விஜயதசமி காலை திறப்புவிழா. நல்ல நேரம் பத்தரை வரை. முதலாளி பட்டனைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. பதினொரு திரையும் செத்துக் கிடந்தன.

"வயர்ல குத்தமே இருக்காது முதலாளி. அந்தப் பெரிய மிஷின்தான் சண்டித்தனம் பண்ணுது" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

ஸ்டெல்லா மேடம் மேஜை மேஜையாகக் குனிந்து பார்த்தபடி கடைசி மேஜைக்குப் போனார். அங்கேயிருந்து குரல் வந்தது.

"அண்ணே, மூடி எங்க?"

"சாமிகிட்ட இருக்கு மேடம்."

"எந்த சாமிகிட்ட?"

"ஆனையூர்ல, எங்க வீட்டுல."

"அது இல்லாட்டி சிக்னல் முனையில முட்டித் திரும்பி மொத்த லைனும் படுத்துரும்ணே!"

மொபெட்டில் பறந்தேன். வீட்டில் என் மனைவி செல்வி வழிமறித்தாள்.

"மறுபூஜை போடாம எடுக்கக் கூடாதுங்க."

"அடியே, அங்க மில்லே நிக்குது!"

"நிக்கட்டும். சூடம் காட்டுறேன், நீங்களும் நில்லுங்க."

நின்றேன். சந்தனம் குங்குமத்தோடு மூடியை வாங்கிக்கொண்டு மில்லுக்குத் திரும்பியபோது மணி பத்து இருபத்தெட்டு. வேட்டியில் துடைத்து மாட்டினேன். பதினொரு திரையும் உயிர்பெற்றன.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏய்யா, அடுத்த மில்லுல வேலை பாக்கும்போது சாமிக்குன்னு தனியா ஒரு மூடி வாங்கிக்க."

அடுத்த மில்! வேலை கிடைத்துவிட்டது.

இன்றைக்கும் வீட்டில் வைஃபை நின்றால் என் மகள் கேட்கும் முதல் கேள்வி: "அப்பா, சாமிகிட்ட எதையாச்சும் கழட்டி வச்சீங்களா?"

சிரிக்கட்டும். ஆனால் அந்த மில் வாசல் கல்வெட்டில் முதலாளி பெயர் இருக்கிறது, மேடம் பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை. அந்த மூடியை மாட்டியவன் நான், கழற்றியவன் நான், திரும்ப மாட்டியவனும் நான். மூன்று தடவை வேலை பார்த்தவன் பெயரை ஒரு தடவை போடுங்கள். கல்லில் கீழே நான்கு விரற்கடை இடம் இருக்கிறது. போய் அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.