குடத்தில் கை விட்ட பெற்றோர் பிரதிநிதி

உத்திரமேரூர்,
வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு.

என் அன்பு மகள் ஆஷிகாவுக்கு, உன் அத்தா ஹபீபுல்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி இக்ராவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். பாத்திரக்கடையும் சுகம். அங்கே நீயும் உன் சட்டப் படிப்பும் உன் போராட்டமும் சுகமா என்று அறிய ஆவல். மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் போட்டால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது, ஆகவே பல வருஷத்துக்குப் பிறகு தபால் நிலையத்துக்குப் போய் உறை வாங்கி வந்து எழுதுகிறேன்.

கட்டணத்தை உயர்த்தியது உன் அத்தாதான் என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறீர்களாம். இக்ரா போனில் காட்டினாள். கை குடத்துக்குள் இருக்கிறது, முகத்தில் சிரிப்பு இருக்கிறது. படம் பொய்யில்லை. ஆனால் நடந்ததைக் கேள்.

பித்தளைக் குடம் ஒன்று வேண்டும், அதுவும் உத்திரமேரூர்க் குடமாக வேண்டும் என்று உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அலுவலர் கடைக்கு வந்தார். குடம் கும்பகோணத்துச் சரக்கு என்பதை நான் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் என் மகளும் அங்கேதான் படிக்கிறாள் என்றேன். குடவோலை ஊர்க்காரர், பெற்றோரும்கூட என்று பூரித்துப்போய், கட்டணக் குழுவுக்குப் பெற்றோர் பிரதிநிதியாக என்னையே எழுதிக்கொண்டு போய்விட்டார். ஒரு ரூபாய்கூட ஏற்றவிடுவதில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். கார் அனுப்பினார்கள், பொன்னாடை போட்டார்கள், மேசைமேல் என் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டு, ஊர் நிர்வாகத்துக்கு ஆள் எடுத்த மண்ணிலிருந்து வந்திருக்கிறார் என்று துணைவேந்தர் பேசப் பேச எல்லாரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். அந்தக் குடத்தை நான்தான் செய்தது போல எனக்கும் இருந்தது.

ஆனாலும் துணைவேந்தரைக் கேட்டேன். “சார், இந்தப் பீஸு எப்டி சார் முடிவு பண்றீங்க?”

“பக்கத்துப் பல்கலைக்கழகத்துல இவ்வளவு வாங்கறாங்க.”

“அவங்க எப்டி முடிவு பண்றாங்க?”

“நம்மளப் பார்த்துதான்.”

எதிர்க்கடை முனிரத்தினமும் நானும் குக்கருக்கு விலை வைப்பது அப்படித்தானே. சரி, வாங்கிய பணம் எங்கே போகிறது என்றேன். நிதி அலுவலர் தமிழ்ச்செல்வி நல்ல பெண்மணி, ஒளிக்காமல் சொன்னார். “பாதி, ரிட்டயர் ஆனவங்க பென்ஷனுக்கே போயிடுது பாய். கவர்மெண்டு குடுக்கறது பத்தல. மீதியில வாத்தியார் சம்பளம் இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு கீது.” அப்போது வாசலில் கட்டிய அந்த அலங்கார வளைவு? அது வேறு கணக்குத் தலைப்பாம். நூலகம்? அதற்குத் தனியாக வாங்குகிறார்களாம். படிப்புக் கட்டணத்தில் படிப்பு எந்த மூலையில் இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது முந்திரி பக்கோடா வந்தது.

பிறகு குடம் வந்தது. நம் கடைக் குடம். இருபது, முப்பது, நாற்பது சதவீதம் என்று மூன்று சீட்டு உள்ளே போட்டு, உத்திரமேரூர்க்காரர் கையால் எடுக்கட்டும் என்றார்கள். ஏற்றவே வேண்டாம் என்று ஒரு சீட்டு எங்கே என்று கேட்கத்தான் என்னை அழைத்தது. நான் கேட்கவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கை விட்டேன். முப்பது வந்தது. நாற்பது வராததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன், ஆஷிகா.

திரும்பி வரக் காரில்லை. பஸ் மாகறல் தாண்டும்போதுதான் உறைத்தது. ஆள் எடுக்க வைத்த குடத்தில் காசைப் போட்டு, பழியை என் கையில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வந்து சொன்னேன். “ஒரு பொன்னாடை போட்டா போதும், குனிஞ்சிடுவீங்க” என்றாள் உன் அம்மா. அவமானமாக இருந்தது.

மனசு ஆறாமல் கல்வெட்டுக் கோவிலுக்குப் போனேன். பிறந்ததிலிருந்து அதைத் தாண்டித்தான் போகிறேன், சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதில்லை. காவலாளி கன்னியப்பன் சிரித்தான். “இன்னா பாய், இப்பத்தான் கேக்கறியா? கமிட்டியில குந்திக்கினு கணக்கு காட்டாதவன் பேரையும் அவன் சொந்தக்காரங்க பேரையும் கொடத்துல போடக்கூடாதுன்னு கீது.” மகளும் அதில் சேர்த்தியா என்றேன். “அப்பல்லாம் பொம்பளைங்கள யாரு பாய் போட்டாங்க?” என்றான். மகளையும் நானே சேர்த்துக்கொண்டேன்.

ஆகவே மகளே, நான் கணக்குக் காட்டாதவன், நீ என் மகள். எந்தக் குழுவிலும் இருக்க உனக்குத் தகுதியில்லை. பல்கலைக்கழகத்திடம் கணக்குக் கேட்கும் அந்தப் போராட்டக் குழுவிலிருந்து உடனே விலகிப் பரீட்சைக்குப் படி. யாராவது கேட்டால் அது வேறு ஹபீபுல்லா என்று சொல்லிவிடு. உன் கட்டணத்தை எப்படியாவது கட்டுகிறேன். இரண்டு பேருக்குக் கட்ட என்னால் ஆகாது. இக்ராவும் சட்டம் படிக்கவேண்டும் என்கிறாள்; பிளஸ் டூ முடித்ததும் கடையில் உட்காரட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், அத்தாவை மன்னிக்கும் மனசும் தருவானாக.

இப்படிக்கு,
உன் அத்தா,
ஹ. ஹபீபுல்லா (முன்னாள் பெற்றோர் பிரதிநிதி)

பி.கு.: மேலே எழுதிய எதையும் கேட்காதே. உறை ஒட்டப் பசை கேட்டேன், இக்ரா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. “அப்போ நீங்க கணக்க காட்டிட்டா அக்கா கமிட்டியில இருக்கலாம்ல அத்தா?” என்று மட்டும் கேட்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது. திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டு மூன்று பேரும் வருகிறோம். மைக்குக்குச் சொல்லி வை. அந்த மூன்று சீட்டில் என்ன எழுதியிருந்தது, எந்தச் சீட்டு அங்கே இல்லவே இல்லை, அதைக் கேட்காமல் பல்லைக் காட்டியது யார் என்று எல்லார் முன்னாலும் சொல்கிறேன். போஸ்டரைக் கிழிக்க வேண்டாம். நான் வந்து கணக்குக் காட்டும்வரை, குழுவில் உன் இடத்தில் வேறு யாரையும் உட்கார விடாதே.