கறுப்புச் சட்டியை வெளுக்கப் போனது

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கணக்கு, பாட்டு, ஓட்டம் எதிலும் ஒருநாளும் முதலாவதாக வந்ததில்லை. கனடாவுக்கு வந்த பிறகுதான் ஒரு விஷயத்தில் முதலாவதாக வந்தேன். கோப்பை கழுவுவதில். (சிரியாதையுங்கோ. அந்தக் காலத்திலை ரொறன்ரோவிலை வந்திறங்கின எங்கடை ஆக்களிலை பாதிப்பேர் கோப்பை கழுவித்தான் தொடங்கினவை. இப்ப கேட்டால் எல்லாரும் மற்றப் பாதியைக் கை காட்டுவினம்.)

முதலில் ஒரு கலியாண மண்டபத்துக் குசினியில் வேலை செய்தேன். பத்து வருடக் கரி பிடித்த அடுப்புத் தட்டுகளை முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆக்கிக் காட்டினேன். அங்கே இருந்த பெரிய சமையற்காரன் ஒரு தட்டைத் தூக்கித் தன் தலைமயிரைச் சீவினான். அன்றைக்கு என் தலைக்குள் ஏறிய கனம் பிறகு இறங்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பக்கத்தில் அந்தக் கொலம்பியச் சாப்பாட்டுக் கடை. மொத்தம் எட்டு மேசை. கோப்பை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு சின்ன யன்னல், அதில் எப்போதும் நீராவி படிந்திருக்கும். வெளியே பனி கொட்டும், உள்ளே எனக்கு முதுகில் வியர்வை ஓடும். அந்த யன்னலை இப்போதும் நினைப்பேன். இப்போது அந்த இடத்தில் பல்லுப் பிடுங்குகிறார்கள்.

கடைக்காரி றொசல்பா. எல்லோரும் டொன்யா றொசல்பா என்று கூப்பிடுவோம். டொன்யா என்பது எங்கள் ‘அம்மா’ மாதிரி ஒரு மரியாதை. எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்தவர் அன்ரன் அண்ணை, மன்னார்க்காரர். அங்கே சமையல் அவர்தான்.

என் மனைவி பவளமும் கைக்குழந்தை மகளும் அப்போது கொழும்பில் ஒரு அறையில் ஒன்றரை வருடமாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுகிற விண்ணப்பத்துக்கு வேலைக் கடிதம் ஒன்று வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். டொன்யாவிடம் கேட்டேன். வருகிற வாரம் எழுதித் தருவதாகச் சொன்னா. அந்த ஒரு வாரமும் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அவ கேட்காத ஒரு உதவியைச் செய்து அவவின் மனதைக் குளிர வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பேராசை.

அந்தக் கடையில் மண்சட்டிகள் இருந்தன. பெரிய சட்டி ஒன்று, சூப் பரிமாறுகிற சின்னச் சட்டிகள் பன்னிரண்டு. எல்லாமே கறுப்பு. உள்ளும் புறமும் ஒரே கரி. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டின் மானமே சட்டியின் அடியில்தான் இருக்கிறது. கரிச்சட்டியைக் கவிழ்த்து வைத்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். இவ என்னவென்றால் அந்தக் கறுப்புச் சட்டிகளை என்னிடம் கழுவத் தருவதே இல்லை. தானே ஒரு ஈரத்துணியால் துடைத்துச் சுவர்த்தட்டில் அடுக்குவா. பாவம், கரிச்சட்டியை என்னிடம் தர வெட்கப்படுகிறா என்று நான் முடிவு கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியவே முதல் பஸ் எடுத்துப் போனேன். அன்ரன் அண்ணை கதவைத் திறந்துவிட்டு மாதா கோவில் பூசைக்குப் போய்விட்டார். தொட்டி நிறையச் சுடுதண்ணீர், பச்சைச் சோப்பு வழக்கத்தைவிட இரண்டு பங்கு. பதின்மூன்று சட்டியையும் ஒரு மணித்தியாலம் ஊறப்போட்டேன். பிறகு பாத்திரம் தேய்க்கிற இரும்புத்தும்பை எடுத்தேன்.

தண்ணீர் கறுத்தது. எனக்குச் சந்தோசம். பெரிய சட்டியின் வயிற்றில் ஓரிடத்தைப் பிடித்துத் தேய்த்தேன், தேய்த்தேன், தோள்மூட்டுக் கழன்று விழும் என்கிற அளவுக்குத் தேய்த்தேன். கடைசியில் உள்ளங்கை அகலத்தில் சாம்பல் நிறம் தெரிந்தது. ‘ஆ, உண்மை நிறம் வருகுது’ என்று நினைத்தேன். முழுதும் முடிக்க நேரம் போதவில்லை. எல்லாவற்றையும் துடைத்து, வெளுத்த பக்கம் முன்னுக்குத் தெரிய அடுக்கினேன். அவ வந்ததும் கண்ணில் படட்டும் என்று.

படவில்லை. அன்றைக்குக் கோவில் முடிந்து சனம் ஒரேயடியாக வந்துவிட்டது. மூன்று வகை உருளைக்கிழங்கு போட்ட கோழிச் சூப்தான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. அன்ரன் அண்ணை சின்னச் சட்டிகளில் அதை ஊற்றி, நெருப்பில் வைத்துக் கொதிக்கக் கொதிக்க அனுப்பினார். சூடு ஏற ஏற, மண் குடித்து வைத்திருந்த சோப்பு வெளியே வரத் தொடங்கியது.

இரண்டாம் மேசையில் பெரிய மீசை வைத்த ஒரு கிழவர். அவருடைய சட்டியில் நுரை எழும்பி விளிம்புக்கு மேலே நின்றது. அவர் நல்ல மனுசன், பாலாடை என்று நினைத்து இரண்டு கரண்டி குடித்தார். பிறகு மீசையில் நுரையோடு டொன்யாவைக் கூப்பிட்டு, இது கொலம்பியத் தலைநகரத்துப் புதுச் சமையலோ என்று மரியாதையாகக் கேட்டார்.

அவ ஒரு கரண்டி வாயில் வைத்தா. நேரே குசினிக்குள் வந்தா. தட்டில் இருந்த பெரிய சட்டியைக் கண்டா. அப்படியே உருளைக்கிழங்கு மூட்டைக்கு மேலே இருந்துவிட்டா.

யார் என்று கேட்டா. (இஞ்சைதான் என்ரை புத்தியைப் பாருங்கோ.) நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னுக்கு வந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீசில், நான்தான், இன்னும் ஒரு நாள் தந்தால் மிச்சத்தையும் வெள்ளையாக்குவேன் என்று சொன்னேன்.

அன்ரன் அண்ணை தலையில் கை வைத்தார்.

“டேய் செல்லத்துரை, உது கரியில்லையடா. சட்டியின்ரை நிறமே உதுதான்.”

“கறுப்புச் சட்டியோ?”

“ஓம். அவவின்ரை தமக்கை ஊரிலை குயவன்ரை சில்லு இல்லாமல் கையாலையே வனைஞ்சது. கூழாங்கல்லாலை நாள்க்கணக்கிலை தேய்ச்சு மினுக்கி, சூளையாலை எடுத்த சூட்டோடை சாணம் போட்டு மூடிப் புகையிலை கறுப்பாக்கிறவையாம். பெரிய சட்டியை இவ பிளேனிலை மடியிலை வைச்சுக் கொண்டு வந்தவ. அது கிடக்கட்டும், மண்சட்டிக்கு ஆரும் சோப்புப் போடுவினமே? நீ என்ன வெள்ளைக்காரன் வீட்டிலையே பிறந்தனீ?”

பிறந்த நாள் முதல் மண்சட்டிச் சோறு தின்றவன் நான். எங்கள் வீட்டில் சட்டி கழுவச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும்தான். கனடாவுக்கு வந்தால் மண்ணும் குணம் மாறிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

வேலைக் கடிதம் கைவிட்டுப் போய்விட்டது என்று விளங்கியது. பவளத்துக்கு என்னவென்று சொல்வது? சட்டி கழுவினபடியால் நீ வர ஏலாது என்றா?

கடை பூட்டின பிறகும் நான் வீட்டுக்குப் போகவில்லை. புதுச் சட்டியைப் பழக்க எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சட்டிகளில் கஞ்சியை ஊற்றி மெல்லக் கொதிக்க வைத்து, அப்படியே ஆறவிட்டு, ஊற்றிவிட்டுத் திரும்பவும் வைப்பது. அதைத் தொடங்கினேன். டொன்யா தடுக்கவும் இல்லை, முகம் பார்க்கவும் இல்லை. மூன்று நாள் பின்னேரம் பின்னேரமாக நுரை வந்தது. நாலாம் நாள் அவ ஒரு சட்டியை எடுத்து, வெந்நீர் ஊற்றி வைத்திருந்து, ஒரு வாய் குடித்துப் பார்த்தா. தலையை ஆட்டினா. பெரிய சட்டியின் சாம்பல் தேமல் மட்டும் போகவில்லை. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தா.

வெள்ளிக்கிழமை ஒரு கடித உறையைத் தந்தா. என்னால் இங்கிலீசு வாசிக்க ஏலாது. வேலையை விட்டு நிற்பாட்டுகிற கடிதம் என்றே நினைத்து அன்ரன் அண்ணையிடம் நீட்டினேன். அவர் வாசித்தார், சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

“செல்லத்துரை நேர்மையானவர், நேரத்துக்கு வருபவர். என் கடையில் இவரைப்போல் உழைப்பாளி யாரும் இல்லை. அழுக்கில்லாததையும் கழுவுவார்.”

கடைசி வரியை வெட்டித் தரச் சொல்லிக் கேட்போமா என்றேன். வாயை மூடு என்றார்.

அந்தக் கடிதத்தை அப்படியே விண்ணப்பத்தோடு சேர்த்து அரசாங்கத்துக்கு அனுப்பினேன். அடுத்த வருடம் பவளமும் மகளும் வந்து இறங்கினார்கள்.

மகள் படித்து ஆளாகி, பழைய பைலுக்குள் கடிதத்தின் பிரதியைக் கண்டுபிடித்து, இப்போது நாங்கள் இருக்கிற அஜக்ஸில் என் அறுபதாவது பிறந்தநாளன்று நூறு பேருக்கு முன்னால் வாசித்தாள். அதோடு என் மரியாதை முடிந்தது. போன மாதம் மருமகன் புதுக் கார் எடுத்துக்கொண்டு வந்தார். கார்க் கடையிலிருந்து நேரே வந்த கார். நான் வாளியோடு வெளியே வந்ததைக் கண்டு அவர் ஓடிவந்து தடுத்தார். பவளம் யன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்தா.

“விடுங்கோ தம்பி, அவர் கழுவட்டும். உது அரசாங்கத்துக்கே எழுதிக் குடுத்த விஷயம்.”