அவசரத்துக்கு ஒரு டிப்

காரிலிருந்து புகை வந்தபோது மோகனராஜ் முதலில் ஜன்னலைத் திறக்கவில்லை. மீன் தொட்டிப் பக்கம் திரும்பி, மீன்கள் பார்த்துவிட்டனவா என்று பார்த்தார். பார்த்துவிட்டன.

கார் என்றால் உட்கார்ந்து ஓட்டுகிற கார் அல்ல. முழங்கை நீளத்தில், சிவப்பு நிறத்தில், ரிமோட்டில் ஓடுகிற கார். ஹந்தானையில் இருந்த அந்த வீடும் மோகனராஜுடையது அல்ல, காரும் அவருடையது அல்ல. இரண்டும் அவர் வேலை செய்கிற கண்டி அலுவலகத்தின் மேலதிகாரி ராஜரத்தினத்துக்குச் சொந்தம். ராஜரத்தினம் அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார்.

போகும்போது வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துச் சொன்னார்:

"தம்பி, மீனுக்குச் சாப்பாடு போடும். அந்தூரியத்துக்குத் தண்ணி விடும். காரை மட்டும் தொடாதையும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்திடுவன்."

குடையைக்கூட யாரிடமும் இரவல் கொடுக்காத மனிதர் அவர். அவர் வீட்டுச் சாவியைக் கொடுத்தால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. தலைமைக் கிளார்க் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி மோகனராஜுக்கா, பக்கத்து மேசை சுபாஜினிக்கா என்று அலுவலகமே காத்திருந்தது. ராஜரத்தினம் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்.

"வீட்டுச் சாவியை ஒழுங்கா வைச்சிருக்கிற ஆளுக்குத்தான் ஒபிஸ் அலுமாரிச் சாவி. விளங்கிச்சோ?"

விளங்கியது. அலுமாரிச் சாவி தலைமைக் கிளார்க்கிடம்தான் இருக்கும். தொடாதே என்று சொல்லாமல் இருந்திருந்தால் மோகனராஜ் அந்தக் காரைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார். சொன்ன பிறகு இரண்டு நாள்தான் தாக்குப் பிடித்தார். பற்றறியில் சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று. காரிலும் அதேபோல் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. எதிரும் புதிரும் சேர்ந்தால்தான் கரன்ட் ஓடும் என்று நினைத்து, சிவப்பைக் கறுப்போடு சேர்த்தார். கரன்ட் ஓடத்தான் செய்தது.

வத்தேகமவில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து மனைவி பரிமளத்திடம் விஷயத்தைச் சொன்னார். அவர் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"அந்த மனுசன் தொடாதன்னு சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"பிறகென்ன. சொல்லாம கொள்ளாம புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க."

கருகிப்போன துண்டு தீப்பெட்டி அளவுதான் இருந்தது. காரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்பீட் கன்ட்ரோலர் அது. அதன் மேலேயே பெயரும் இருந்தது. போனில் தேடியதும் ஒரு ஒன்லைன் கடை அகப்பட்டது. சாமானுக்குப் பணம் கார்டில் கட்ட வேண்டும். டெலிவரிக் காசைக் கொண்டுவருகிறவரிடம் கையில் கொடுக்க வேண்டும். ஒன்லைன் கடை என்றால் கொழும்பில்தான் இருக்கும் என்று மோகனராஜ் தானாகவே முடிவு செய்துகொண்டார்.

பணம் கட்டும் இடத்தில் திடீரென்று ஒரு பெட்டி வந்து நின்றது. எங்கள் குழுவுக்கு ஒரு சிறு டிப் தர விரும்புகிறீர்களா? ஐந்து சதவீதம், பத்து, இருபது, அல்லது வேண்டாம்.

"என்னடி இது, டிப் கேக்குது?"

"யாரு கேக்குறா?"

"போன் கேக்குது. இன்னும் சாமானையே கண்ணுல காட்டல. முகமும் தெரியாது. யாருக்குன்னு டிப் குடுக்குறது?"

"வேணாம்னு அமுத்திட்டு வந்து சாப்பிடுங்க."

அமுத்திவிட்டு வந்து சாப்பிட்டார். அன்று திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் அவருடைய கவுண்டருக்கு முன்னால் கறுப்பையா நின்றிருந்தார். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காணித் துண்டு ஒன்றுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டுத் தினமும் வந்துகொண்டிருந்தார். கையில் பட்டர் ப்ரூட் பழங்கள் போட்ட ஒரு பை.

"ஐயா, நம்ம பைல் பத்திரமா இருக்குங்களா?"

"இருக்கு, இருக்கு."

"ஒரு வாட்டி கண்ணால பாத்துக்கிறேனுங்க."

மோகனராஜ் பெருமூச்சோடு அடுக்கிலிருந்து கோப்பை உருவிக் காட்டினார். பிறகு அதை அடுக்கின் அடியில் வைத்தார். வெளியே எடுத்த கோப்பு அடியில்தான் போகும். அந்த அலுவலகத்தில் அதுதான் முறை. நேற்றும் அது அடியில்தான் போனது. போன வாரம் முழுக்கவும் அப்படித்தான்.

"தினம் தினம் வந்து நின்னா எப்படிங்க வேல நடக்கும்? குடுத்தாச்சில்ல? வீட்டுல நிம்மதியா இருங்க. தன்னால வரும்."

கறுப்பையா தலையாட்டிவிட்டு, பட்டர் ப்ரூட் பையை வைத்துவிட்டுப் போனார்.

மோகனராஜ் மேசைக்கடியில் போனைப் பார்த்தார். கடையின் பக்கத்தில் அவருடைய ஓடருக்கு நேரே 'பொதி செய்யப்பட்டது' என்று இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது. அதைக் கவனித்த சுபாஜினி என்னவென்று கேட்டார்.

"தங்கச்சி மகனுக்கு ஒரு வெளாட்டுக் கார் சாமான். ஒன்லைன்ல போட்டேன். பெக் பண்ணிட்டாங்க."

"டிப் போட்டீங்களா, சேர்?"

"இல்லியே."

சுபாஜினி உதட்டைப் பிதுக்கினார். "நம்மகிட்ட எத்தன பைல் கையெழுத்து வச்ச பிறகும் மேசையிலேயே கெடக்குது? பெக் பண்றது வேற, அனுப்புறது வேற."

இருபது வருடம் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்தவருக்கு அது தெரியாதா? முடிந்த வேலை மேசையை விட்டு நகர்வதற்குத்தான் 'சந்தோஷம்' வேண்டியிருக்கும். வீட்டுக்குப் பேசியபோது, கடைக்குப் போன் பண்ணி விசாரிக்கலாம் என்று பரிமளம் சொன்னார். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"போன் பண்ணிக் கேக்குற ஆளக் கண்டாலே எங்களுக்கு எரிச்சலா வரும். அவனுங்களுக்கும் வரும்."

டிப் கொடுக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் வழி இல்லை. பழைய ஓடருக்கு டிப் சேர்க்க முடியாது. புதிதாக எதையாவது வாங்கினால்தான் அந்தப் பெட்டி வரும். ஆகவே கடையில் இருந்ததிலேயே மலிவான சாமானாகப் பார்த்து, ஆணிப் பக்கெட் ஒன்றை ஓடர் செய்து ஐந்து சதவீதம் டிப் போட்டார்.

மாலையில் வீட்டுக்கு வந்து மறுபடி போனைப் பார்த்தார். 'பொதி செய்யப்பட்டது' என்று இருந்த இடத்தில் இப்போது 'ஓடர் பெறப்பட்டது' என்று இருந்தது.

"பின்னுக்குப் போயிருச்சு, பரிமளம்! கட்டின பார்சலை அவுத்துட்டானுங்க!"

"எதுக்கு அவுப்பாங்க?"

"ஆணிப் பக்கெட்டுக்கு அஞ்சு வீதம்னா எவ்வளவு வரும்? பிச்சை போட்ட மாதிரி ஆயிருச்சு. கோவம் வராதா?"

புதன்கிழமை குட்டி டயர் நான்கு வாங்கிப் பத்து சதவீதம் போட்டார். மதியம் மறுபடியும் 'பொதி செய்யப்பட்டது' என்று வந்தது. டிப் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டால் நகர்ந்துவிடும் என்று, அன்றைக்கே குட்டி ஹெட்லைட் வாங்கி இருபது போட்டார். ஒரு மணி நேரத்தில் மறுபடியும் 'ஓடர் பெறப்பட்டது'.

"வீதக் கணக்கு இவனுங்களுக்குப் பிடிக்கல" என்று முடிவு கட்டினார்.

வியாழக்கிழமை ஸ்டிக்கர் ஒன்று வாங்கினார். டிப் பெட்டியின் ஓரத்தில், விரும்பிய தொகை என்று தனியாக ஒரு கட்டம் இருந்ததை அன்றுதான் கண்டார். ஐந்நூறு என்று போட்டு, சற்று யோசித்து, ஐந்நூற்று ஒன்று என்று திருத்தினார். கல்யாண வீடாக இருந்தாலும் கடையாக இருந்தாலும் கொடுக்கிற காசு பூச்சியத்தில் முடியக் கூடாது. குறிப்பு எழுதும் இடத்தில், 'மேற்படி விடயத்தில் தங்களது மேலான கவனத்தைப் பணிவுடன் வேண்டுகிறேன்' என்றும் எழுதினார்.

வங்கியிலிருந்து வந்த மெசேஜ்களைப் பரிமளம் பார்த்துவிட்டார்.

"ஏங்க, டயரு, லைட்டு, ஸ்டிக்கரு... இப்ப நீங்க கார் ரிப்பேர் பண்றீங்களா, கார் கம்பனி தொறக்கப் போறீங்களா?"

"தலைமைக் கிளார்க் ஆவப் போறேன். பேசாம இரு."

வெள்ளிக்கிழமை கறுப்பையா வரவில்லை. புதனும் வியாழனும்கூட வரவில்லை. அவருடைய கோப்பு அடியிலிருந்து ஒவ்வொரு இடமாக மேலே ஏறி, அன்று சுபாஜினியின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. மோகனராஜ் அதைக் கவனிக்கவில்லை. அவர் காரின் மேல்மூடியைப் பிடிக்கிற கிளிப்புக்கு ஆயிரத்து ஒரு ரூபாய் டிப் போட்டுக்கொண்டிருந்தார். கிளிப்பின் விலை அதில் கால்வாசிகூட இல்லை.

சனிக்கிழமை காலையிலும் பொதி வரவில்லை. மறுநாள் ராஜரத்தினம் வந்துவிடுவார். மோகனராஜ் ஷேவ் பண்ணாத முகத்தோடு, போனைப் பரிமளத்தின் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பரிமளம் அந்தப் பக்கத்தை விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனார். யாரும் போகாத அடிமட்டத்துக்குப் போய் நின்றார்.

"ஏங்க, இந்தக் கடை அக்குறணைன்னு போட்டிருக்கே. இங்க பக்கத்துலதானே!"

மோகனராஜ் எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

அக்குறணையில் ஒரு துணிக்கடைக்கு மேலே, குறுகலான படி ஏறினால் அந்த இடம். ஒரே ஓர் அறை. நாலு பக்கமும் அட்டைப் பெட்டிகள். நடுவில் ஒட்டுகிற டேப்பும் கத்தியுமாக, முக்காடு போட்ட நடுத்தர வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கடையும் அவர்தான், குழுவும் அவர்தான். பெயர் றம்லத்.

"மேடம், நான் மோகனராஜ். வத்தேகம."

றம்லத் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"அல்லாவே, மோகனராஜ் சேரா! வாங்க, வாங்க, இரிங்க. ஒங்களப் பாக்கோணும்ண்டு எனக்கு எவ்வளவு ஆச தெரியுமா? எங்கட கடையில டிப் போட்ட ஒரே ஆள் நீங்கதான்!"

"ஒரே ஆளா?"

"அந்தப் பெட்டி வெப்சைட்டோட சும்மா வந்தது, சேர். எப்பிடி அழிக்கிறண்டு எனக்குத் தெரியா. ஒருத்தரும் போட மாட்டாங்கண்டு விட்டுட்டேன். நீங்க பாருங்க, நாளுக்கு நாள் கூட்டிக் கூட்டிப் போட்டீங்க. எங்கட ஊட்டுல ஒங்களுக்காக துஆ கேக்காத நாளில்ல."

பிளேன்டீயும் தொதல் என்கிற இனிப்பில் ஒரு துண்டும் வந்தன. பின்னால் ஒரு பெரிய பெட்டியும் வந்தது. அதன் மேல் அழகான எழுத்தில் 'திரு. மோகனராஜ் அவர்கள்' என்று எழுதியிருந்தது. அவர் அதைப் பிரித்தார். ஆணி, டயர், லைட், ஸ்டிக்கர், கிளிப். எல்லாவற்றுக்கும் அடியில், பஞ்சுத்தாளில் பத்திரமாகச் சுற்றியபடி அந்தத் தீப்பெட்டி அளவுச் சாமான்.

மோகனராஜுக்கு உயிர் திரும்பி வந்தது. இன்னும் ஒரு முழு நாள் இருக்கிறது. நேரே ஹந்தானைக்குப் போய், சிவப்பைச் சிவப்போடு, கறுப்பைக் கறுப்போடு சேர்த்தால் பத்து நிமிட வேலை. அவ்வளவு சந்தோஷத்தில் தொதலை ஒரு கடி கடித்தார். போன் அடித்தது.

"தம்பி, எங்கை நிக்கிறீர்?" ராஜரத்தினம்.

"அக்குறணையில, சேர். ஒரு சின்ன வேலயா..."

"நான் வீட்டை வந்திட்டன். கலியாணம் முடிஞ்ச கையோட வெளிக்கிட்டிட்டன். மீன் எல்லாம் நல்லா இருக்குது. அந்தூரியமும் பூத்திருக்குது."

"நல்லதுங்க, சேர்."

"கார் கருகி மணக்குது, தம்பி."

மோகனராஜ் வாயில் இருந்த தொதலை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் நின்றார்.

"தொட்டனீரோ?"

"சேர்... புதுசு ஒண்ணு கையிலயே வச்சிருக்கேன், சேர். ஒரு மணி நேரத்துல வந்து மாட்டிடுறேன்..."

"மாட்டுவம், அது பிறகு. வீட்டுச் சாவியைக் கொண்டந்து தாரும். அலுமாரிச் சாவி சுபாஜினியிட்டை இருக்கட்டும்." போன் வைக்கப்பட்டது.

மோகனராஜுக்கு அழுகை வந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்து உருண்ட ஆத்திரமும் அதோடு சேர்ந்து வந்தது. நேற்று இந்தச் சாமான் கைக்கு வந்திருந்தால், நேற்று மாலையே அந்தக் கார் முற்றத்தில் ஓடியிருக்கும். சாவியும் நாற்காலியும் அவருடையதாகியிருக்கும்.

"ஏம்மா, நான் என்ன குறை வச்சேன்?" பெட்டியை றம்லத் பக்கம் தள்ளினார். "செவ்வாக்கெழமையே பெக் பண்ணிட்டதா போட்டிருந்திச்சு. அஞ்சு வீதம் போட்டேன், பத்து போட்டேன், இருபது போட்டேன். பொறவு ஐந்நூத்தியொண்ணு, ஆயிரத்தியொண்ணுன்னு போட்டேன். வேற என்னதான் செய்யணும்? ஏன் அனுப்பல?"

றம்லத் அவரை ஒரு கணம் புரியாமல் பார்த்தார். பிறகு ஆணிப் பக்கெட்டையும் டயர்களையும் மறுபடி பெட்டிக்குள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டே, அன்பாகச் சொன்னார்:

"நான் ஒவ்வொரு நாளும் பெட்டிய ஒட்டி முடிக்கிற நேரம் பாத்து ஒங்கட இன்னொரு ஓடர் வரும், சேர், இவ்வளவு டிப் தார நல்ல மனுசனுக்கு டெலிவரிக் காசு ரெண்டு தரம் வீணாப் போகக் கூடாதுண்டு, திரும்பப் பிரிச்சு எல்லாத்தயும் ஒண்டாப் போடுவேன், ஒரே ஒரு நாள் நீங்க ஒண்டும் செய்யாம ஊட்டுல நிம்மதியா இருந்தீங்கண்டா, அண்டைக்கே அனுப்பியிருப்பேன்."