தண்ணீர் வரும் என்றார் டயர் காக்கா

கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஓடிய எந்தச் சக்கரம் எந்த மதகடியில் ஆளைக் கொல்லும் என்று முன்கூட்டியே அறிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்தார். மூத்தவர் என்ற மரியாதையில் ஊர் அவரைக் கூப்பிட்ட பெயர் டயர் காக்கா. அவர் கணக்குப்படி ஐம்பதுகளில் எங்கள் கரையோரத்தில் மோட்டார் வாகனம் வைத்திருந்த ஒருவரும் அறுபதைக் கண்டிருக்கக் கூடாது. அவர் வாயால் எப்போதோ செத்து மௌத்தாகிப்போன ஒருவர், பேரப்பிள்ளையும் கண்டு, போன வாரம்கூடச் சந்தையில் என்னிடம் மீன் விலை விசாரித்தார்.

சாய்ந்தமருதுக்குப் போகிற வீதியில் கிடுகுக் கூரை போட்ட டயர் ஒட்டும் கடை அவருடையது. பழைய டயர்களின் நடுவில், மையித்துக் கிடக்கிற சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பார். ஒரு டயரைக் கையில் எடுத்தால் முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு பெருவிரல் நகத்தால் அழுத்துவார். நகம் பதிந்தால், "மெதுவான இறப்பர் மனே, நிலத்த நல்லாக் கவ்வும், கெதியில தேஞ்சிரும்" என்பார். பதியாவிட்டால், "இறுகின இறப்பர், கனநாள் கிடக்கும், வளைவில ஆளக் கைவிட்டிரும்" என்பார். இரண்டில் எது நல்லது என்று கேட்டால் நீண்ட பெருமூச்சு விட்டு, "நடக்கிறதுதான் நல்லம்" என்பார்.

சொன்னபடியே நடந்தார். காரில் என்ன, மாட்டு வண்டியில்கூட அவர் ஏறி ஒருவரும் கண்டதில்லை. "டயர நான் உள்ளால பாத்தவன். உள்ளால பாத்தவன் மேல ஏறமாட்டான்" என்பது அவர் சட்டம்.

வியாபாரம் பேசுகிற விதமும் தனி. வாடகைக் கார் வைத்திருந்த ஒருவர் பின் சக்கரத்துக்கு டயர் கேட்டு வந்தார்.

"எத்தின புள்ள?" என்றார் காக்கா.

"அஞ்சு, காக்கா."

"கடசிக்கு எத்தின வயசு?"

"ரெண்டு."

காக்கா கையிலிருந்த டயரை இன்னொரு தடவை முகர்ந்துவிட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "இத ஒங்களுக்குத் தரமாட்டன். அந்தப் புள்ளைக்கு ஒங்கட முகம் ஞாபகத்திலயும் நிக்காது."

கார்க்காரர் வேறு டயர் வாங்கினாரோ இல்லையோ, அன்றைக்கு வாடகைக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இருந்தாராம்.

காக்காவை நெல் மிதிக்கிற களவெட்டிப் பக்கம் அண்டவிட மாட்டார்கள். சூடு மிதிக்கிற களத்தில் "இல்லை", "முடிந்தது", "குறைந்தது" என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது என்பது எங்கள் வயற்காரர்களின் கட்டு. காக்காவுக்கோ அந்த மூன்றையும் விட்டால் பேச்சே கிடையாது. நிறைய வயல் வைத்திருந்த ஒரு போடியாரின் புது ட்ரெக்டர் களத்தில் டயர் வெடித்து நின்றுவிட்டது. வேறு ஆள் கிடைக்காமல் காக்காவைக் கூப்பிட்டு, இரண்டு வயலுக்கு அப்பால் வரம்பில் உட்காரவைத்து, வாய்க்கு ஓயாமல் சோறும் கொடுத்து, டயரை அவரிடம் உருட்டிக்கொண்டு போனார்கள். அவர் ஒட்டினார், உருட்டிக்கொண்டு வந்தார்கள். விளைச்சல் தப்பிப் பிழைத்தது.

இவ்வளவு இருந்தும் சனம் அவரிடம் போனதற்குக் காரணம் ஒன்றுதான். அவர் கையால் போன டயர் ஒன்றும் ஒருவரையும் விழுத்தியதில்லை. அதையும் அழுகிற குரலில்தான் சொல்லுவார். "பதினாறு வரிசமா என்ட டயரால ஒரு உசிருக்கும் மோசம் வரல்ல. என்னெண்டுதான் தெரியல்ல."

இனி என் கதைக்கு வருகிறேன். நான் மருதமுனை நெசவுகாரர் ஒருவரின் மகன். அப்போது ஒரு அரசாங்கக் கந்தோரில் தற்காலிகக் கிளாக்கர். மாதக் கடைசியோடு வேலை போகிறது. சாய்ந்தமருதில் எனக்குப் பேசியிருந்த பெண்ணின் வாப்பா நெல் வியாபாரி. பேச்சிலும் மரக்காலால் அளந்துதான் கொட்டுவார். "வேல நிரந்தரமெண்டு கடதாசி வந்தாத்தான் நிக்காஹ்" என்று சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, அம்பாறைப் பக்கத்து அணைக்கட்டு வேலைத்தலம் ஒன்றில் துரைமார் ஒரு வெள்ளிக்கிழமை காலைக்கு மோட்டார் சைக்கிள் ரேஸ் வைத்தார்கள். காடு வெட்டித் துப்புரவாக்கிய வெளியில் ஐந்து சுற்று. ஓடுகிறவர்கள் என்ஜினியர்மார், ஓவசியர்மார், கொழும்பிலிருந்து வரும் சில பணக்காரப் பிள்ளைகள். உள்ளூர்க்காரன் எவன் முதலாவதாக வந்தாலும் மோட்டார்ப் பகுதியில் நிரந்தர வேலை என்று பெரிய துரை அறிவித்துவிட்டார். என் மச்சானிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அதைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு காக்காவிடம் போனேன்.

"எத்தின புள்ள?" என்றார்.

"இன்னம் கலியாணமே முடிக்கல்ல காக்கா."

"அப்ப யோசிக்கத் தேவல்ல" என்றார். அவர் முகத்தில் வெளிச்சம் போல ஒன்றை நான் கண்டது அப்போதுதான்.

டயரைத் தெரிவுசெய்வதற்கு முன் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மச்சானின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறுங்கள் என்று கூப்பிட்டேன். அவர் செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். சம்மாந்துறை வழியாக நடந்து போய், அந்த வெளியை வெறுங்காலால் மூன்று தடவை சுற்றி, மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள்தான் திரும்பி வந்தார்.

வந்தவர், உயரமான கட்டைகளும் நடுவில் ஆழமான வெட்டுகளும் வைத்த கனமான டயர் இரண்டைத் தேடி எடுத்து, அந்த வெட்டுகளையும் கத்தியால் இன்னும் ஆழமாக்கினார். காற்றைக் குறைத்தார். பார்த்தால் எருமையின் குளம்புதான்.

"இது சேத்துக்குப் போடுறது காக்கா. அங்க நிலம் சிமெந்து மாதிரி காஞ்சு கிடக்கு."

"வெள்ளிக்கிழம பின்னேரம் காஞ்சிரிக்காது. தண்ணி வரும்."

"ரேஸ் காலையில."

"காலையில எண்டுதான் சொல்லுவானுகள். நம்மட சனம் ஜும்மாவ உட்டுட்டு ரேஸ் பாக்குமா? பின்னேரமாக்குவானுகள். ஜும்மா முடியத் தண்ணி திறக்கச் சொல்லி, மதகு பாக்கிற வட்டவிதானைக்குக் கடதாசி வந்திரிக்கி. நான் கண்ணால கண்டன்."

"துரைட்டச் சொல்லல்லயா?"

"சொன்னன். தண்ணி எங்கட டிப்பாட்மெண்ட், நீ டயரப் பாரு எண்டு பியோன உட்டு வெளியில போட்டுட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் பாதிப் பேரைச் சாகடித்த வாய் என்னை மட்டும் தண்ணீரோடு விடுகிறதே என்று நினைத்தேன். அணை கட்டுகிறவர்களுக்கே தண்ணீர் வருவது தெரியாது, டயர் ஒட்டுகிறவருக்குத் தெரியுமா?

வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் ஓடிப் பழகினார்கள். கொழும்புப் பையன் ஒருவன் கிட்டத்தட்ட வழுவழுப்பான, நகம் வைத்தால் பதிகிற மெது டயரில் பறந்தான். நான் கடகடவென்று அதிர்ந்துகொண்டு கடைசியாக வந்தேன். "என்ன கிளாக்கர், உழப் போறயளா?" என்று கேட்டார்கள். வெளியெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் என் வேலை போவதையும், பெண் போவதையும், பெண்ணின் வாப்பா மரக்காலைக் கவிழ்த்துவைப்பதையும் கண்டேன்.

பத்து மணிக்கு, கரையோரத்துச் சனம் கேட்டுக்கொண்டபடி ரேஸை ஜும்மாத் தொழுகைக்குப் பிறகு வைப்பதாகத் துரை அறிவித்தார். காக்கா சொன்னதில் பாதி நடந்துவிட்டது. புத்தி உள்ளவன் என்றால் மற்றப் பாதியையும் நம்பியிருப்பான். நான் கொழும்புப் பையனிடம் போய், அவனிடம் மேலதிகமாக இருந்த மெது டயர் இரண்டை இரவல் கேட்டேன். அளவும் சரியாக இருந்து தொலைத்தது. அன்றும் நடந்தே வந்து சேர்ந்திருந்த காக்கா, பக்கத்துப் பள்ளிக்கு ஜும்மாவுக்குப் போயிருந்தார், எனக்காகத் துஆ கேட்கத்தான். பயணத்தில் இருப்பவனுக்கு ஜும்மா கடமையில்லை என்று எனக்கு நானே ஃபத்வா கொடுத்துக்கொண்டு, மருத மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து டயர்களை மாற்றினேன். காக்காவின் டயர்களைப் பற்றைச் செடிகளுக்குள் தள்ளினேன்.

மூன்று சுற்று வரைக்கும் நான் ராசாதான். இரண்டாவதாக வந்துகொண்டிருந்தேன். நாலாவது சுற்றில், வறண்ட வாய்க்கால் குறுக்கிடுகிற இடத்தில் ஏதோ பளபளத்தது. தண்ணீர். எனக்கு முன்னால் போன என்ஜினியர் தாமரைக் குளத்தில் இறங்குகிறவர் போல மெல்லப் படுத்தார். எனக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. சக்கரம் இரண்டும் இரண்டு பக்கம் போக, நான் பறந்து விழுந்தேன். மோட்டார் சைக்கிள் என் காலின் மேல் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது.

பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து சேற்றில் படுத்தார்கள். வெற்றிக் கோப்பையை எடுத்தவர் முதலாம் கியரை விட்டு மாறவே தெரியாத ஒரு கொழுத்த ஓவசியர். அவருக்கு ஏற்கனவே நிரந்தர வேலை. துரை வட்டவிதானையைப் பிடித்துக் கத்த, அவர் மடியிலிருந்து கடதாசியை எடுத்து விரித்தார். வெள்ளிக்கிழமை ரேஸ் என்ற கடதாசியிலும், வெள்ளிக்கிழமை தண்ணீர் திற என்ற கடதாசியிலும் கையெழுத்து வைத்தவர் அதே துரைதான். என்னை லொறியில் ஏற்றிக்கொண்டிருக்கையில் கொழும்புப் பையன் தன் டயர் இரண்டையும் கழற்றிக்கொண்டு, "கெதியா சுகமாகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் காக்கா வந்தார். நடந்துதான். கட்டிலோரம் உட்கார்ந்து, என் காலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"பத்தைக்குள்ள கிடந்த ரெண்டயும் எடுத்தன்" என்றார்.

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"துண்டு துண்டா வெட்டிக் குழியில போட்டுட்டன். ஒருத்தரும் காணல்ல. நீ வாயத் துறக்காத."

ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. பிறகுதான் என் அக்கா, ராத்தா, சொன்னாள். பெண்ணின் வாப்பா அன்று காலையே கலியாணத்தை முறிக்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாராம். "வேல இல்லாட்டியும் பொறுப்பன். மூத்தவங்கட சொல்லக் கேக்காம உழுந்து காலொடிக்கிற பைத்தியத்துக்கு என்ட புள்ளயக் குடுக்கமாட்டன். சொல்லுங்க, அவன் உழுந்தது ஆர்ட குத்தம்?" என்று பிறகு காக்காவையே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

"என்ட குத்தம்" என்றாராம் காக்கா. "நான் பிழையான டயரப் போட்டுக் குடுத்துட்டன். அவன் நான் சொன்னபடிதான் ஓடினான்."

அந்தக் கிழமையே ஊர் முழுக்கக் கதை பரவியது. டயர் காக்காவின் டயர் ஆளைக் கவிழ்த்துவிட்டதாம். பஸ்காரர்கள் வேறு கடைக்குப் போனார்கள். லொறிக்காரர்கள் போனார்கள். பதினாறு வருடப் பெயர் பதினாறு நாளில் போயிற்று. அதன் பிறகு காக்கா சைக்கிள் டியூப்தான் ஒட்டினார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன், நிக்காஹ் முடித்தேன், பிறகு வேறொரு கந்தோரில் வேலையும் கிடைத்தது. அவர் கடை வாசலால் போகிறபோதெல்லாம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். நினைத்தபடியே கடந்துவிடுவேன். நாலு வருடம் கழித்து, வீட்டில் பாயில் படுத்தபடியே அவர் மௌத்தானார். சக்கரம் ஒன்றும் சம்பந்தப்படவில்லை.

அடக்கிவிட்டு வந்த அன்று என்னால் தாங்க முடியவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, மருத மரம், பற்றை, மெது டயர் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு அண்டைக்கே தெரியும். காக்காவ வாப்பா வீட்டுக்குக் கூட்டி வந்துதான் கேட்டவர். நான் கதவுக்குப் பின்னால நிண்டன். அந்த மனிசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒரு பெருமூச்சுகூட உடாம, மனப்பாடம் மாதிரிச் சொல்லி முடிச்சார்."

"தெரிஞ்சுமா என்ன முடிச்சாய்?"

"அப்பிடிப்பட்ட ஒரு மனிசன் தன்ட பேரக் கெடுத்துப் பொய் சொல்லுறதெண்டா, மாப்பிள அதுக்குப் பெறுமதியானவராத்தான் இரிப்பார் எண்டு நெனச்சன்."

என்னைப் பற்றி அவள் நினைத்தது பிழை என்று அப்போதும் எனக்குத் தெரியும். அதைப் பிழையில்லாமல் ஆக்கத்தான் இத்தனை வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன், காக்கா.