கண்ணீர் சாமியின் இடது கன்னம்

ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் ஆட்டோ கிடைக்காது. எல்லாம் கண்ணீர் சாமியின் அரங்கத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும். சாமி யாரைப் பார்த்து அழுகிறாரோ, அவருடைய நோய் அந்தக் கண்ணீரோடு வெளியேறிவிடுமாம். டாக்டர்கள் அழுவதில்லை, அதனால்தான் ஆஸ்பத்திரியில் குணமாக நாளாகிறது என்று பக்தர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

சாமி ஒரு காலத்தில் மாஸ்டர் கண்ணா. டிவி பக்தித் தொடரில் பாலயோகி வேஷம். கிளிசரின் இல்லாமலே அழும் குழந்தை என்று ஊரே மெச்சியது. பிறகு மீசை முளைத்தது. பாலயோகிக்கு மீசை ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். யோகிக்கு ஆகும் என்று கண்டுகொண்டார் கண்ணா. அதே காவி, அதே வசனம். ரசிகர்கள்தான் பக்தர்கள் ஆனார்கள்.

அன்று முதல் வரிசையில் பத்ரிநாராயணன். ரிடையர்டு ஆபீசர். இதயத்தில் அடைப்பு, மறுநாள் பைபாஸ். மனைவி ருக்குதான் இழுத்து வந்திருந்தாள்.

"ஏன்னா, சுவாமி அழுதுட்டார்னா கத்தியே வைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு இப்பவே போன் பண்ணி கேன்சல் பண்ணிடறேன்."

"தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரேம்மா" என்றாள் மகள் சாருலதா.

"நீ சும்மா இரு. சீரியல் செட்ல கிளாப் அடிக்கறவளுக்கு பக்தி என்னடி தெரியும்?"

"பக்தி தெரியாது. அழுகை தெரியும். எந்தப் பக்கம் நோயாளி உக்காந்தாலும், இடது கன்னத்தை கேமராவுக்குக் காட்டித்தான் அழறார், பாரு."

"அது சக்தி இருக்கற கன்னம்!"

பஜனை நின்றது. விளக்கு மாறியது. சாமி வந்தார். அறுபத்தெட்டு வயது பத்ரியைப் பார்த்து, "குழந்தாய்!" என்றார். முகவாய் உயர்ந்தது. இடது கன்னம் திரும்பியது. கண்ணீர் உருண்டது. அரங்கம் விம்மியது. ருக்கு ஆஸ்பத்திரி நம்பரை அழுத்திவிட்டாள்.

சாருலதா எழுந்தாள். செட்டில் கத்துகிற அதே குரலில் கத்தினாள்:

"கட்!"

குழாயைத் திருகியது போல் கண்ணீர் நின்றது. சாமி நிமிர்ந்தார். துண்டை வாங்கிக் கன்னத்தைத் துடைத்தார். கழுத்து மைக் மறைக்காமல் ஒலிபரப்பியது:

"அரே, என்ன ஆச்சு? லைட் போச்சா? ஒன் மோர் போலாமா?"



"நமக்காக இன்னொரு தடவை அழறேங்கறாரே, என்ன கருணை!" என்று பின்னால் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பத்ரி மெதுவாக எழுந்தார். "ஓய், உமக்கு ஒன் மோர் உண்டு. எனக்குக் கிடையாது."

ருக்குவின் போனில் ஆஸ்பத்திரிக்காரி, "ஹலோ, ஹலோ" என்று கூவிக்கொண்டிருந்தாள். ருக்கு சாமியின் காய்ந்த கன்னத்தைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலம்பற எத்தனை மணிக்கு அழைச்சிண்டு வரணும்?" என்றாள்.

யாராவது உங்களுக்காகக் கண்ணீர் விட்டால் உருகுங்கள், தப்பில்லை. அதற்கு முன் கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கழுத்தைக் கொடுத்தது கடவுளோ இயற்கையோ, யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். கும்பிடக் குனிவதற்கு மட்டுமல்ல, திரும்பிப் பார்க்கவும்தான் அது கொடுக்கப்பட்டிருக்கிறது.