வாசலில் எரிந்த ஒற்றை பல்பு

வீட்டுக்கு வெளிச்சம் வேண்டும் என்றுதான் கரண்ட் வாங்குகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெருவுக்குக் காட்டத்தான் வாங்குகிறோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், கல்யாணமான புதிதில், ஓசூரில் வாடகை வீடு பிடித்த நான் அதற்காகத்தான் வாங்கினேன்.

அப்போது எனக்குப் புளி மண்டியில் வேலை. மாமனார் பக்கத்தில் தளி என்ற ஊர்க்காரர், காடு கழனி உள்ளவர். "வாடகை வீட்டுல எம் மக கஷ்டப்படுறான்னு தெரிஞ்சா கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லித்தான் பெண்ணை அனுப்பினார். சொன்னால் செய்கிறவர். அவர் வாயை அடைக்கக் கரண்ட்டை விட்டால் வேறு வழி இல்லை என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரர் ஒரே ஒரு பல்புக்குத்தான் சம்மதித்தார்.

"சமையக்கட்டுல போடச் சொல்லுங்க. கல்லு எது, அரிசி எதுன்னு தெரிய மாட்டேங்குது" என்றாள் மனைவி ராஜம்மா.

நான் வாசல் நிலைக்கு மேலே, வெளிப்பக்கமாகப் போடச் சொன்னேன்.

"உள்ள இருட்டா இருக்குமேங்க" என்றார் ஒயர்மேன்.

"வெளிச்சம் தானா உள்ள வரும்" என்றேன். (படிப்பு எட்டாம் வகுப்பு. பேச்சு மட்டும் விஞ்ஞானி மாதிரி.)

வெளிச்சம் உள்ளே வரவில்லை. தெருதான் வெளியே வந்தது. பெண்கள் பூக்கட்ட வந்து உட்கார்ந்தார்கள். தையல்கார பாய் மெஷினையே தூக்கி வந்துவிட்டார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜமீன்தார் போல நடுவில் உலாவினேன். ராஜம்மா உள்ளே சிம்னி விளக்கில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பெருமை தாங்காமல் மாமனாருக்கு ஒரு கார்டு போட்டேன். நேரில் பார்த்து அசரட்டும் என்று கரண்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. 'உடனே புறப்பட்டு வரவும்', அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் பொழுது சாய்ந்த பிறகு ஒரு வீட்டு வாசலில் பளீரென்று விளக்கும் ஜனக்கூட்டமும் இருந்தால் ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் சாவு. எங்களுக்குக் கல்யாணம் ஏற்கெனவே ஆகிவிட்டது.

மாமனார் தெருமுனையில் திரும்பினார், பார்த்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "எஞ் சாமி, போயிட்டியா" என்று கதறியபடி ஓடி வந்தார். அவர் அழுததைப் பார்த்துப் பூக்கட்டியவர்களும் அழுதார்கள். யார் செத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் எங்கள் தெரு தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்றிலும் அழுதது. தளியில் மாமியார் போய்விட்டார் போலிருக்கிறது, சேதி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

சத்தம் கேட்டு ராஜம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "அம்மாவுக்கு என்னாச்சுப்பா?"

மாமனார் அழுகையைப் பாதியில் நிறுத்தினார். "நீ இருக்கிறியா?"

அதற்குள், கோஸ் மூட்டையோடு பின்னால் மெதுவாக நடந்து வந்த மாமியார் கூட்டத்தைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். அவரை நிறுத்துவதற்குள் பெரும்பாடாகிவிட்டது.

தெருவே சிரித்தது, மாமனாரைத் தவிர. அவர் வீட்டுக்குள் போனார். இருட்டில் எதிலோ முட்டிக்கொண்டு, நெற்றியைத் தேய்த்தபடி திரும்பி வந்தார்.

"ஊருக்கெல்லாம் லைட்டு, எம் மகளுக்கு இருட்டா? கெளம்பும்மா."

ராஜம்மாதான் பேசினாள். "நான் எங்கயும் வரலப்பா. பல்பு உள்ள வந்தா போதும்." அந்த நிமிஷம் அவள்மேல் எனக்கு வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

மறுநாளே பல்பு சமையலறைக்குப் போனது. (பூக்கட்டுகிறவர்களும் பின்னாலேயே போனார்கள்.) அதன்பிறகு மாமனார் எப்போது வந்தாலும் தெருமுனையில் நின்று, "எல்லாரும் இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பார். "இருக்கோம், வாங்க" என்று பதில் வந்த பிறகுதான் அடியெடுத்து வைப்பார்.

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது. போன மாதம் பேத்திக்கு வரன் பார்க்கப் போன இடத்தில், வாய்தவறி என் மகனும் தெருமுனையில் நின்று அப்படியே கேட்டுவிட்டான். மாப்பிள்ளை வீட்டில் இருந்த அத்தனை பேரும் பயந்துபோய் வெளியே வந்து வரிசையாக நின்றார்கள்.